நடுவில் நிற்கும் மொழி

போலந்தின் வடகிழக்கில் பியாலிஸ்டொக் என்றொரு நகரம் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் அது ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. துணி ஆலைகள் நிறைந்த ஊர். அரச அலுவலர்களும் படையினரும் ரஷ்ய மொழி பேசினார்கள். போலந்துக்காரர் போலிஷ் பேசினார்கள். ஆலைகளில் ஜெர்மன் கேட்டது. சனத்தொகையில் பெரும்பங்கினரான யூதர்களின் வீட்டு மொழி இத்திஷ். சுற்றுக் கிராமங்களிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் பெலாருஸ் மொழியோடு வந்தார்கள். 1859 டிசெம்பர் 15 ஆம் திகதி அந்த ஊரின் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் லுட்விக் லாசர் சாமென்ஹோஃப். எஸ்பெராண்டோ என்ற மொழியை உருவாக்கியவர் என்று உலகம் அவரை அறியும்.

அந்த ஊரின் தெருவில் மனிதர்களையே தான் காணவில்லை, ரஷ்யர்களையும் போலந்துக்காரரையும் ஜெர்மானியரையும் யூதர்களையும்தான் கண்டேன் என்ற கருத்தில் அவர் பின்னாளில் ஒரு கடிதம் எழுதினார். பெரியவர்கள் எல்லாம் வல்லவர்கள் என்று நம்பிய சிறுவன், தானும் பெரியவனானதும் இந்தப் பகையைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தானாம்.

மொழியார்வத்தால் நான் இவரைப் படிக்கத் தொடங்கவில்லை. சில வருடங்கள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையில் உரைபெயர்ப்பு வேலை செய்தேன். இரண்டு பேருக்கு நடுவில் இருந்து பேசுகிறவரை இரண்டு பக்கமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். தாய் ஒருத்தி அழுதுகொண்டு சொல்வதை, அழாத குரலில் மற்ற மொழியில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எதை விட்டுவிட்டோம் என்ற யோசனை இரவு வரைக்கும் வரும். அந்த நடு இடத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் யோசித்த ஒருவர் இருந்திருக்கிறார் என்று தெரிந்தபோது தேடித்தேடி வாசித்தேன்.

சாமென்ஹோஃபின் தகப்பனார் மார்க், பிரெஞ்சும் ஜெர்மனும் படிப்பித்த ஆசிரியர். வீட்டில் ரஷ்ய மொழி புழங்கியது. தாயின் மொழி இத்திஷ். வெளியே போலிஷ். வேதத்துக்கு ஹீப்ரு. பாடசாலையில் லத்தீனும் கிரேக்கமும், பிறகு ஆங்கிலம். இத்தனை மொழி தெரிந்தவரிடம் உமது மொழி எது என்று கேட்டால் பதில் இலகுவாக வராது. ரஷ்ய மொழியை இளவயதில் உயிராக நேசித்தவர் அவர். அந்த மொழிக்காரரோ யூதன் என்று அவரைத் தள்ளி வைத்தார்கள்.

பல மொழி தெரிந்தவரின் தலைக்குள் மொழிகள் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். மொழியுளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவது வேறு. ஒரு மொழியில் பேசும்போதும் மற்ற மொழி அணைந்து போவதில்லை. இரண்டும் விழித்திருக்கின்றன. பேசுகிறவர் தன்னை அறியாமலே ஒன்றை அடக்கி மற்றதை விடுகிறார். சிங்களத்தில் ஒரு சொல்லைத் தேடும்போது தமிழ்ச் சொல் முந்திக்கொண்டு வாய்க்கு வருவது எதனால் என்பது எனக்கு இதை வாசித்த பிறகே விளங்கியது. சாமென்ஹோஃபின் தலைக்குள் ஏழெட்டு மொழிகள் ஒரே நேரத்தில் விழித்திருந்தன. அவை ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வெளியே நடக்கும் சண்டை அவருக்கு அவ்வளவு அநியாயமாகத் தெரிந்தது.

1873 இல் குடும்பம் வார்சோவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பாடசாலையில் படிக்கும்போதே பொதுமொழி ஒன்றைக் கட்டத் தொடங்கினார். லத்தீனையோ கிரேக்கத்தையோ உயிர்ப்பிக்கலாம் என்ற பழைய யோசனையை அதற்குள் கைவிட்டிருந்தார். படித்தவனுக்கு மட்டும் உதவும் மொழி ஊர்ச் சந்தையில் உதவாது. ஆங்கிலம் படிக்கத் தொடங்கியபோது, வினைச்சொல்லுக்கு இத்தனை விகுதி இல்லாமலும் மொழி ஒன்று இயங்கும் என்று கண்டார். இலக்கணத்தைச் சுருக்கிவிடலாம். ஆனால் சொற்கள்? ஆயிரக்கணக்கான சொற்களை யார் மனப்பாடம் செய்வது?

அதற்கு விடை கடைப் பலகைகளில் கிடைத்தது. வாயிற்காவலரின் அறைக்கும் மிட்டாய்க் கடைக்கும் ரஷ்ய மொழியில் எழுதியிருந்த இரண்டு பலகைகளின் முடிவிலும் ஒரே விகுதி இருந்ததைக் கவனித்தார். வேர்ச்சொல் ஒன்று, அதன் பின்னால் ஒட்டும் விகுதி ஒன்று, புதுச்சொல் ஒன்று. தமிழ் பேசுகிறவருக்கு இது புதினமில்லை. நோயிலிருந்து நோயாளியையும் தொழிலிலிருந்து தொழிலாளியையும் நாங்கள் யோசிக்காமலே செய்கிறோம். அவர் இதையே விதிவிலக்கு இல்லாத விதியாக்கினார். எஸ்பெராண்டோவில் ‘சானா’ என்றால் சுகமான. எதிர்ப்பொருள் தரும் ‘மல்’ முன்னால் வந்தால் ‘மல்சானா’, சுகமில்லாத. ஆளைக் குறிக்கும் ஒட்டு சேர்ந்தால் ‘மல்சானுலோ’, நோயாளி. இடத்தைக் குறிக்கும் ஒட்டும் சேர்ந்தால் ‘மல்சானுலேயோ’, வைத்தியசாலை. ஒரு வேரும் மூன்று ஒட்டுகளும் போதும். பெயர்ச்சொல் எல்லாம் ஓ என்று முடியும், பெயரடை எல்லாம் ஆ என்று முடியும். எழுதுவதையே வாசிக்கலாம்.

முதல் வடிவம் 1878 டிசெம்பரில் தயாரானது. பாடசாலை நண்பர்கள் சிலர் வீட்டில் கூடிக் கொண்டாடினார்கள். அவர்களும் கொஞ்சக் காலத்தில் கலைந்து போனார்கள். அடுத்த வருடம் வைத்தியம் படிக்க மொஸ்கோ போனபோது, தாள்களைத் தகப்பனாரிடம் விட்டுச் செல்லும்படி ஆயிற்று. படிப்புக் கெட்டுவிடும் என்ற பயத்தில் தகப்பனார் அவற்றை எரித்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சில சொல்கின்றன. எரிந்த நூல்களைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அவர் ஞாபகத்திலிருந்தே எல்லாவற்றையும் மீண்டும் கட்டினார், முன்னதை விடச் செம்மையாக.

1881 இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள் மேல் விழுந்தது. தெற்கில் ஊர் ஊராகக் கலவரம் பரவியது. அந்த வருட நத்தார் நாட்களில் வார்சோவிலும் யூத வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. பணமுடையால் மொஸ்கோவை விட்டு வார்சோவில் படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்த சாமென்ஹோஃப், யூதர்களுக்கென ஒரு தாயகம் வேண்டும் என்ற ஆரம்பகால இயக்கத்தில் சேர்ந்து தீவிரமாக வேலை செய்தார். இத்திஷ் மொழிக்கு இலக்கணமும் எழுதினார். சில வருடங்களில் விலகினார். ஒடுக்கப்பட்டவரின் தேசியத்தை மன்னிக்கலாம், ஒடுக்குபவரின் தேசியத்தை மன்னிக்க முடியாது, ஆனால் முடிவில் இரண்டும் துன்பத்தையே கொண்டுவரும் என்பது அவருடைய பிற்கால நிலைப்பாடு. இதைச் சொன்னவர் மேலே இருந்து உபதேசம் செய்தவரல்ல, கல்லெறி வாங்கிய இனத்தில் பிறந்தவர். அதனால் கோபப்படாமல் வாசித்தேன். ஏற்றுக்கொண்டேனா என்றால், இல்லை.

1885 இல் வைத்தியரானார். சாகிற நோயாளிகளைப் பார்க்கத் தாங்காத மனம். சின்ன ஊர்களில் சில காலம் வேலை பார்த்துவிட்டுக் கண் வைத்தியத்துக்கு மாறினார். 1887 ஜூலையில் சுமார் 40 பக்கத்தில் ஒரு சிறு நூல் வார்சோவில் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. 16 இலக்கண விதிகள், 900 அளவிலான வேர்ச்சொற்கள். ஆசிரியர் பெயர் டொக்டர் எஸ்பெராண்டோ, நம்பிக்கையோடு இருப்பவர் என்று பொருள். புனைபெயரே பின்பு மொழிக்குப் பெயராகிவிட்டது. செலவுக்குக் காசு கொடுத்தவர் மாமனாராகப் போகிறவர், ஒரு சவர்க்கார ஆலைக்காரர். அடுத்த மாதம் அவருடைய மகள் கிளாராவைக் கலியாணம் செய்தார்.

நூலில் இரண்டு விசயங்கள் எனக்குப் பிடித்தன. ஒன்று, கடைசியில் வெட்டி அனுப்பும் உறுதிச் சீட்டுகள் இருந்தன. ஒரு கோடிப் பேர் இதே உறுதியைத் தந்தால் நானும் இந்த மொழியைப் படிப்பேன் என்று கையெழுத்து வைக்கலாம். எல்லோரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பார்கள் என்பது தெரிந்த மனிதர். மற்றது, மொழியின் மீது தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று முதல் நூலிலேயே எழுதிக் கொடுத்தார். யாருக்கும் சொந்தமில்லாததாக இருந்தால்தான் நடுவில் நிற்க முடியும். நீ என் மொழியைப் பேசு என்றால் ஒருவர் குனிய வேண்டும். மூன்றாவது மொழிக்கு இருவரும் ஒரேயளவு நடந்து வர வேண்டும். அவருடைய கொள்கை முழுவதும் இவ்வளவுதான்.

வார்சோவின் ஏழை யூதர்கள் வாழ்ந்த ஜிக்கா வீதியில் வைத்தியம் பார்த்தார். குறைந்த காசு வாங்கியதால் வறுமை விடவில்லை. இரவில் கடிதம் எழுதினார், மொழிபெயர்த்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 1894 இல் வெளியிட்டார். பிற்காலத்தில் பழைய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்தார்.

1905 ஓகஸ்டில் பிரான்ஸின் புலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. 20 நாடுகளிலிருந்து 688 பேர். அதுவரை தாளில் இருந்த மொழியில் மனிதர்கள் நேருக்கு நேர் பேசிக் கேட்டார்கள். ஆனால் அந்த மாநாட்டிலும் ஒரு முள் இருந்தது. பிரான்ஸில் ட்ரைபஸ் விவகாரத்தின் சூடு ஆறாத காலம். சாமென்ஹோஃப் யூதர் என்பது பத்திரிகைகளில் பெரிதாக வந்துவிடக் கூடாது என்று பிரெஞ்சு ஆதரவாளர்கள் சிலர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் அவர் வாசிக்க வைத்திருந்த கவிதையில், மதங்களைப் பெயர் சொல்லிச் சமமாக வைத்த கடைசிப் பகுதியை விடச் சொன்னார்கள். விட்டார். எல்லோருக்கும் பொதுவான மொழியைக் கொண்டுவந்தவர், தான் யார் என்பதை அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது.

1906 ஜூனில் அவர் பிறந்த பியாலிஸ்டொக்கிலேயே யூதர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தக் கோடையில் ஜெனீவாவில் கூடிய இரண்டாவது மாநாட்டில், அரசியல் பேச வேண்டாம் என்ற ஆலோசனைகளை மீறி, அவர் அந்தப் படுகொலையைப் பெயர் சொல்லிப் பேசினார்.

இந்த இடத்தில் அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பியாலிஸ்டொக் யூதர்களில் பலருக்குப் போலிஷும் ரஷ்யனும் விளங்கும். கொல்ல வந்தவர்கள் கத்தியது அவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்காது. 1983 ஜூலையில் தெற்கில் தமிழரைப் பிரித்தெடுக்க வாளியைக் காட்டி இதற்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டதாகத் தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ‘பால்திய’ என்ற சொல் தெரிந்தவர்களும் நாக்குப் புரண்ட விதத்தில் பிடிபட்டார்கள். மொழி தெரியாததால் மட்டுமே மனிதர் கொல்லப்படுவதில்லை. சாமென்ஹோஃபுக்கும் இது போகப்போகத் தெரிந்திருக்க வேண்டும். மொழி மட்டும் போதாது, எல்லா மதத்தவரும் தங்கள் மதத்தில் இருந்துகொண்டே ஏற்கக்கூடிய பொது அறம் ஒன்றும் தேவை என்று அதன் பிறகு அதிகமாக எழுதினார். அதை எஸ்பெராண்டோக்காரர்களே பெரிதாகக் காதில் போடவில்லை. 1912 இல் கிராகோவ் மாநாட்டில் தலைமை இடத்திலிருந்து தானாகவே இறங்கினார்.

1914 ஓகஸ்டில் பாரிஸில் கூடவிருந்த மாநாட்டுக்கு 3,700 க்கும் அதிகமானோர் பதிவு செய்திருந்தார்கள். சாமென்ஹோஃபும் மனைவியும் புறப்பட்டு ஜெர்மனியின் கொலோன் நகர் வரை வந்தபோது யுத்தம் தொடங்கிவிட்டது. ரஷ்யப் பிரஜைகள் என்பதால் எதிரி நாட்டவராகிப் போனார்கள். பயணப் பொதிகளும் போய், சுவீடன், பின்லாந்து என்று பெரும் சுற்றுச் சுற்றி வார்சோ திரும்பினார்கள். ஏற்கெனவே பலவீனமான இதயம் அதன் பிறகு தேறவில்லை. 1917 ஏப்ரல் 14 ஆம் திகதி, ஜெர்மன் படைகள் பிடித்து வைத்திருந்த வார்சோவில், 57 வயதில் இறந்தார்.

பின்னால் நடந்ததை அவர் பார்க்கவில்லை. ஹிட்லர் தன் நூலில் எஸ்பெராண்டோவை யூதச் சதி என்று எழுதினார். ஸ்டாலினின் சோவியத்தில் 1937, 1938 களில் எஸ்பெராண்டோ பேசியவர்கள் உளவாளிகளென்று கொல்லப்பட்டார்கள், சிறை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவருடைய மகன் ஆதாமும் கண் வைத்தியர்தான். 1939 இல் கைது செய்யப்பட்டு, அடுத்த ஜனவரியில் பால்மிரிக் காட்டில் சுடப்பட்டார். மூத்த மகள் சோபியா பிள்ளைகளுக்கான வைத்தியர். இளைய மகள் லிடியா ஊர் ஊராகப் போய் எஸ்பெராண்டோ படிப்பித்தவர். 1938 இல் அமெரிக்காவில் விசா நீடிப்புக் கிடைக்காமல் போலந்துக்குத் திரும்பினார். இருவரையும் 1942 இல் ட்ரெப்லிங்காவில் கொன்றார்கள். ஜிக்கா வீதிக்கு அதற்குள் சாமென்ஹோஃபின் பெயர் வந்திருந்தது. வார்சோ யூதர்களை ரயிலேற்ற நடத்திச் சென்ற வழி அந்த வீதிதான். ஆதாமின் மகன் மட்டும், ஒரு பையனாக, சலெஸ்கி என்ற பொய்ப் பெயரில் ஒளிந்து தப்பினார். யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பெயரை விடவில்லை, சலெஸ்கி-சாமென்ஹோஃப் என்றே வாழ்ந்தார். பிரான்ஸில் பொறியியலாளராக இருந்து 2019 இல் இறந்தார்.

சாமென்ஹோஃபின் மொழியை வேறு சிலரும் எடுத்துப் பார்த்தார்கள், இயந்திரங்களுக்காக. 1933 இல், கணினி என்ற சாமானே இல்லாத காலத்தில், பியோத்தர் த்ரொயான்ஸ்கி என்ற ரஷ்யர் மொழிபெயர்க்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மூல மொழி தெரிந்தவர் வசனத்தை உடைத்து, ஒவ்வொரு சொல்லையும் வேர்வடிவில் வைத்து, அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு குறி இடுவார். இயந்திரம் வேரை மாற்றும். மறுமுனையில் இருப்பவர் வசனத்தைச் சேர்த்துக் கட்டுவார். அந்தக் குறிகளுக்கு அவர் எடுத்துக்கொண்டது எஸ்பெராண்டோவின் விகுதிகளை.

1980 களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனம் இன்னும் துணிந்தது. பத்து மொழிகளை நேரடியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற 90 வழிகள் கட்ட வேண்டும். நடுவில் ஒரு மொழியை வைத்தால் 20 போதும். அந்த நடு இடத்தில் அவர்கள், கொஞ்சம் திருத்திய எஸ்பெராண்டோவை வைத்தார்கள். திட்டம் காசில்லாமல் நின்று போனது. பின்பு வந்த கூகுள் போன்ற பெரிய நிறுவனங்களின் மொழிபெயர்ப்பில் நடு இடம் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குப் போனது. உலகில் அதிகம் மொழிபெயர்க்கப்பட்டுக் கிடப்பது ஆங்கிலம் என்பதுதான் காரணம். கூகுளில் தமிழ் 2011 இல் சேர்ந்தது, எஸ்பெராண்டோ 2012 இல், சிங்களம் 2014 இல். 2016 இலிருந்து ஒரே வலையமைப்பைப் பல மொழிகளில் பழக்கி, முன்பு பழக்காத சோடிகளையும் நேரடியாக மாற்றிப் பார்க்கிறார்கள். பல மொழி தெரிந்த தலைக்குள் நடப்பதற்கு இது கொஞ்சம் கிட்ட வருகிறது.

எங்களுடைய அரசியலமைப்பும் 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தில் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று நடுவில் வைத்தது. நடுவில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் ஓர் அலுவலகத்தில் கண்டேன். வன்னியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்பிள்ளை. 2009 இல் அவளுடைய அண்ணா ஷெல் விழுந்து இறந்தவர். தம்பியைப் பிறகு கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி விடவில்லை. அவள் தமிழில் சொன்னதை யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ஆங்கிலத்தைக் கைபேசியில் போட்டுச் சிங்களமாக்கி அலுவலரின் மேசையில் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். சிங்களத் தாளில் இரண்டு பேரும் ‘சகோதரயா’ ஆகியிருந்தார்கள். செத்துப்போனவரை எப்படிப் பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அலுவலர் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

சிங்களத்தில் மூத்தவருக்கு ‘ஐயா’, இளையவருக்கு ‘மல்லி’. தமிழ் பிரிப்பது போலவே அதுவும் பிரிக்கிறது. சாமென்ஹோஃபின் மொழியில் இந்தப் பிரிவு இல்லை, அங்கேயும் இருவரும் ‘ஃப்ராத்தோ’ தான். வேர்ச்சொற்களை அவர் ஐரோப்பாவிலிருந்து எடுத்தார், ஐரோப்பியருக்கு அது போதுமாயிருந்தது. அண்ணாவைப் பிரித்தறியாத நடு மொழி யாருக்கும் சொந்தமில்லாததாக இருந்தும் அந்தப் பிள்ளைக்கு உதவியிராது.

நான் ஐயா என்றும் மல்லி என்றும் அலுவலருக்கு ஒருக்கால் சொன்னேன். அவர் தாளைத் திருப்பி எடுத்து, இரண்டாவது ‘சகோதரயா’வைப் பேனையால் வெட்டி, மேலே ‘மல்லி’ என்று எழுதி, பக்கத்தில் தன் சிறு ஒப்பத்தை வைத்தார். பிறகு அவளைப் பார்த்து, தம்பிக்கு அப்போது எத்தனை வயது என்று கேட்டார்.